அணிலைப் பார்த்தாயா?

அந்த அணிலை வெட்டியது சரிதான் என்றே யார் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்காதபோதும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் தொந்தரவு.

எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்கு வந்த கட்டுரை அது. சிவகங்கைப் பக்கம் தண்ணீர் இல்லாமல் ஆட்கள் காலிசெய்து போய்விட்ட ஒரு சிற்றூர். எழுதியவள் வேலைக்குச் சேர்ந்து அதிகக் காலம் ஆகாத நிருபர். எழுதிக் கொடுத்த காப்பி சுத்தமாக இருந்தது. திண்ணை வரை ஏறிவிட்ட சீமைக் கருவேலம், தூக்கிப்போக முடியாமல் விட்டுப்போன ஆட்டுக்கல், கோயில் கொடைக்கு மட்டும் வந்து பொங்கல் வைத்துவிட்டு மறுநாளே திருப்பூருக்குத் திரும்பிவிடும் குடும்பங்கள். முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு வரி: "ஆளில்லாத வீட்டு முற்றத்தில் அணில்கள் விளையாடிக்கொண்டிருக்கின்றன."

எங்கிருந்து வந்த அணில் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. குறுந்தொகை 41ஆம் பாட்டு. அவர் அருகில் இருந்தால் விழா நடக்கும் ஊர்போல மகிழ்ந்திருப்பேன். பிரிந்துபோனாலோ, மக்கள் விட்டுப்போன சிற்றூரில் அணில் ஆடும் முற்றத்தோடு கிடக்கும் வீடுபோலப் பொலிவிழந்து போவேன் என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். பாடியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. 'அணிலாடு முன்றிலார்' என்று அந்தத் தொடரையே பெயராக வைத்துவிட்டார்கள்.

அந்தப் புத்தகத்தை அவளுக்குக் கொடுத்தவன் நான். "எழுத உட்காருவதற்கு முன் இரண்டு பாட்டாவது படி" என்று சொன்னவனும் நான்தான். செய்திகளைத் திருத்தும் எங்கள் டெஸ்க்கில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரிடமும் அதைச் சொல்வது என் வழக்கம். பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவள் படித்தாள். உ.வே.சா. 1937இல் பதிப்பித்த உரையையும் தேடிப் பிடித்துப் படித்துவிட்டு, பொருள் எனக்கே சரியாகப் பிடிபடாத இடங்களில் வந்து சந்தேகம் கேட்டாள்.

குறுந்தொகையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு அடி. அதற்குள் நிலம், பொழுது, ஆள், அவருடைய மனம் எல்லாம் வந்துவிட வேண்டும். அரைப் பக்கக் கட்டுரையைக் கால் பக்கமாகச் சுருக்கு என்று சொன்னால் முகம் சுளிக்கிற நிருபருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. அதில் குப்பைக் கோழியார் என்ற புலவரின் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோழிச் சண்டையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆட்கள் கூடி நின்று மோதவிடும் சண்டை வேறு. குப்பைமேட்டில் தாமாகவே தொடங்கிக்கொண்ட சண்டையில் விலக்கிவிட ஆள் கிடையாது. அதுவாக ஓய்ந்தால்தான் உண்டு. காமநோயைக் களைவாரும் அப்படித்தான் இல்லை என்கிறாள் தலைவி. சண்டையைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். விலக்கிவிட ஆள் இல்லை என்பதைப் பார்த்தவர் இவர். நிருபருக்கு வேண்டிய கண் அதுதான் என்று நான் அடிக்கடி சொல்வேன். உவமையை அல்ல, அந்தக் கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

அப்படிச் சொன்னேனா, அல்லது இப்போதுதான் சேர்த்துக்கொள்கிறேனா என்பது வேறு விஷயம்.

அவளைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, அணிலைப் பார்த்தாயா?"

"எந்த அணில் சார்?"

"இந்த வரியில் இருக்கிற அணில்."

காப்பியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அணில் இல்லாத ஊர் உண்டா சார்?"

"ஊரில் இருக்கும். நீ பார்த்தாயா என்பதுதான் கேள்வி."

"அந்தப் பாட்டை எழுதியவர் பார்த்தாரா?"

"அது பாட்டு. இது செய்தி."

"செய்தி எழுதத்தானே சார் பாட்டைப் படிக்கச் சொன்னீர்கள்?"

பக்கம் முடிக்கும் நேரம். வரியை அடித்துவிட்டு அனுப்பினேன்.

என் பக்கத்து நியாயம் எளிமையானது. அந்த ஊரிலிருந்து திருப்பூருக்குப் போன ஒருவர் ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் அதைப் படிப்பார். மரமெல்லாம் பட்டுப்போன தெருவில் அணில் ஏது என்று அவருக்குத் தோன்றினால், அடுத்து ஆட்டுக்கல்லையும் சந்தேகிப்பார். ஆட்டுக்கல் உண்மை, புகைப்படம் இருந்தது. ஒரு பொய் அணில் உண்மையான ஆட்டுக்கல்லையும் சேர்த்துக் கெடுத்துவிடும். பத்திரிகை வேலையில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் அந்த உரையாடலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும்போது ஒன்று இடிக்கிறது. 'பார்க்கவில்லை' என்று அவள் சொல்லவே இல்லை. கேள்விக்குக் கேள்வியாகத்தான் பதில் சொன்னாள். அதை நான் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். பார்த்திருந்தால் பார்த்தேன் என்று சொல்லியிருப்பாளே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அதுவும் முழுக்கப் பொருந்தவில்லை. பாட்டைப் படித்துவிட்டுப் போனவளின் கண்ணில் அணில் பட்டே இருக்கலாம். பட்டதா, படும் என்று எதிர்பார்த்துப் போனதால் தோன்றியதா என்பது அவளுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். நான் சொன்னபடி கண்ணைத்தான் எடுத்துக்கொண்டாளோ? அந்தக் கண்ணில் பட்டதும் பழைய அணிலாகவே இருந்துவிட்டால் அவள் என்ன செய்வாள்?

"எழுதியவர் பார்த்தாரா" என்று அவள் கேட்டதை அப்போது துடுக்கு என்று நினைத்தேன். இப்போது அது நல்ல கேள்வியாகத் தெரிகிறது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவர். மதுரையில் துணி விற்றவர். குறிஞ்சி நிலத்துத் தோழி பேசுவதாகப் பாட்டு எழுதியிருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டு மலையேறிப் போய்க் கேட்டு எழுதினார் என்று யாரும் சொல்வதில்லை. சங்கப் பாட்டின் முறையே அதுதானே: பாலை என்றால் இன்னது வரும், நெய்தல் என்றால் இன்னது வரும் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு இருப்பு, அதிலிருந்து எடுப்பது களவு ஆகாது. பாட்டுகளைத் தொகுத்தவர்களும் ஒருவகையில் டெஸ்க்காரர்கள்தான். அவர்களில் ஒருவரும் 'பார்த்தீர்களா' என்று கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தால் தொகை மிகவும் மெலிந்திருக்கும்.

எங்கள் தொழிலில் எதற்கெடுத்தாலும் பாரதியாரைச் சாட்சிக்கு இழுப்பது ஒரு கெட்ட பழக்கம். நானும் இழுக்கிறேன். 1904இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து இங்கிலீஷ் செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தவர் அவர். 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டும் எழுதினார். யாரைப் படித்து வந்தேன் என்பதைப் பெயரிலேயே போட்டுவிட்டால் பிறகு யார் என்ன கேட்க முடியும்? என் நிருபருக்கு அந்த வசதி இல்லை. 'அணிலாடு முன்றிலார் சொன்னதுபோல' என்று ஒரு அடைமொழி சேர்த்திருந்தால் நான் விட்டிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. அதைச் சேர்க்கச் சொல்ல எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அதோடு, அப்படி எழுதினால் வரியில் உயிர் இருக்காது, பள்ளிக்கூடக் கட்டுரை ஆகிவிடும்.

இதில் என் கணக்கு ஒன்றும் இருக்கிறது. நான் எழுதும் தலைப்புகளும் முன்னுரைகளும் எங்கிருந்து வருகின்றன? குடிநீர்ப் பிரச்சினையில் இரண்டு துறைகள் மோதிக்கொண்டு ஒரு கிராமம் நடுவில் நைந்துபோனதைப் பற்றி நான் எழுதிய தலையங்கத்தை நிறையப் பேர் பாராட்டினார்கள். அதன் எலும்புக்கூடு நற்றிணை 284: இரண்டு யானைகள் இரண்டு பக்கமும் பற்றி இழுக்க, புரி தேய்ந்த பழைய கயிறு என்ன ஆகுமோ, அதுபோல என் உடம்பும் அழிந்துவிடுமோ என்கிற பாட்டு. யானையும் இல்லை, கயிறும் இல்லை. இழுபடுவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். யாருக்கும் தெரியவில்லை. இரவல் நகையை அவள் அப்படியே போட்டுக்கொண்டு வந்தாள். நான் உருக்கி வேறு நகையாகச் செய்து போட்டுக்கொள்கிறேன். எது நேர்மை என்று கேட்டால், என் வேலை தேர்ச்சியானது என்றுதான் சொல்ல வருகிறது. கேட்டது அது இல்லை என்பது எனக்கும் தெரியும்.

வரி போன பிறகு கட்டுரை எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டுக்கல்லிலிருந்து நேராக அதிகாரியின் விளக்கத்துக்குத் தாவியது. நடுவில் மூச்சுவிட இடமில்லை. அந்த ஊரின் வெறுமையைச் சொல்ல அவளிடம் இருந்தது அந்த ஒரு வரிதான். அதற்கு மாற்றாக அவளே பார்த்த ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். வாங்கியிருக்கலாம். மாலை ஆறரை மணிக்கு விளம்பரப் பிரிவு கால் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு நிற்கும்போது அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அவள் அதற்குப் பிறகு நன்றாகவே எழுதினாள். தகவல் பிசகாது, ஒரு சொல் மிகாது. நானே மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னேன். உவமை என்று ஒன்று அவள் காப்பியில் திரும்ப வரவே இல்லை. பிறகு நீதிமன்றச் செய்திக்கு மாற்றிக் கேட்டாள். ஊர் ஊராக அலைய வீட்டில் விடவில்லை என்றாள். உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அங்கே எதிர்த் தரப்பு வழக்கறிஞர் சொன்னதைச் சொன்னபடி எழுதினால் போதும். அவளுக்குப் பொருந்தியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் இப்போது அவளை மிஞ்ச ஆள் இல்லை. அப்படியானால் அன்று நான் கேட்டது அவளை நல்ல நிருபர் ஆக்கியது என்றும் சொல்லலாம். வேறு ஏதோ ஒன்றாக ஆகியிருக்க வேண்டியவளை என்று சேர்த்துக்கொள்வதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை, ஒரே ஒரு வரியைத் தவிர.

போன மாதம் பயிற்சிக்கு வந்த பையன், என்ன படித்தால் எழுத்து தேறும் சார் என்று கேட்டான். குறுந்தொகையைச் சொன்னேன். "ஆனால் எழுதுகிற அன்றைக்கு அதைத் தொடாதே. படித்தது அடங்கட்டும்" என்றும் சொன்னேன். குறித்துக்கொண்டான். நான் எழுதுகிற அன்றைக்குத்தான் அதைப் படிப்பேன். மற்ற நாட்களில் அந்தப் புத்தகத்தை எடுப்பதே இல்லை. அவனிடம் அதைச் சொல்லவில்லை.