“ஒன்றுமில்லை, தம்பி”

சிறுநீரக மருத்துவத்தில் எனது தொடக்க ஆண்டுகளில், டயாலிசிஸ் செய்துவந்த ஒருவரின் மகன் தமது ஸ்கேன் அறிக்கையைக் காட்ட வந்தார். தந்தையின் இரு சிறுநீரகங்களும் நீர்க்கட்டிகளால் பெருத்துச் செயலிழந்திருந்தன. 22 வயது மகனுக்கோ ஒரு பக்கத்தில் ஒரே ஒரு சிறு கட்டி. “ஒன்றுமில்லை, தம்பி” என்று அனுப்பிவிட்டேன். ஒன்பது ஆண்டுகள் கழித்து, தலைவலிக்காகப் போன இடத்தில் ரத்த அழுத்தம் 170/110 என்று கண்டு அனுப்பப்பட்டு அவர் மீண்டும் வந்தபோது, இரு பக்கமும் கட்டிகள் நிறைந்திருந்தன.

இது பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் (ஏடிபிகேடி). பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அத்தகைய குடும்பத்தில் 15 முதல் 39 வயதுக்குள் இரு சிறுநீரகங்களிலுமாக மூன்று கட்டிகள் தெரிந்தால் நோய் உறுதி. ஆனால் இளவயதில் கட்டி தெரியாததை வைத்து நோய் இல்லை என்று சாதாரண ஸ்கேனால் முடிவுகட்ட முடியாது, அதற்கு நாற்பது வயதாக வேண்டும். நான் சொல்லியிருக்க வேண்டியது, “இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, ஆண்டுதோறும் ரத்த அழுத்தம் பாருங்கள்” என்பதே. அந்த ஆண்டுகளில் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

தந்தைக்குச் சிறுநீரகம் தர முன்வந்த மகளின், அதாவது அந்த இளைஞருடைய தங்கையின், விஷயத்தில் அவசரப்படவில்லை. நாற்பதுக்குக் குறைந்தவர் என்பதால் எம்ஆர்ஐ எடுத்து, ஐந்துக்கும் குறைவான கட்டிகளே இருந்தால்தான் நோயில்லை என்று ஏற்போம். அவருக்கு ஒன்றுகூட இல்லை. தாயாரோ, வரன் பார்க்கும் நேரம், அறிக்கையில் தந்தையின் நோயைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அண்ணனுக்கு அழுத்த மாத்திரை தொடங்கி, உப்பைக் குறைக்கச் சொன்னேன். ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் கழிவுப்பொருளான கிரியாட்டினினையே நம் ஊரில் “உப்பு” என்று சொல்வதால், சாப்பாட்டு உப்பைத்தான் சொல்கிறேன் என்று தனியே விளக்க வேண்டியிருந்தது. கட்டிகளின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் டோல்வாப்டான் என்ற மருந்தைப் பற்றியும் பேசினோம். ஓயாமல் சிறுநீர் கழியும், முதல் ஒன்றரை ஆண்டு மாதந்தோறும் கல்லீரல் பரிசோதனை வேண்டும் என்றதும், பேருந்து ஓட்டுநரான அவர் தலையசைத்து மறுத்துவிட்டார்.

கிளம்பும்போது தம் நான்கு வயது மகளைப் பற்றிக் கேட்டார். இப்போது ஸ்கேன் வேண்டாம், ஐந்து வயதிலிருந்து ரத்த அழுத்தம் மட்டும் பார்த்துவந்தால் போதும் என்றேன். அதை எழுதித் தரச் சொன்னார். தேதியிட்டு எழுதிக் கொடுத்தேன்.