கூரையில் கட்டிய கப்பல்

சின்னவனுக்கு வயது 15, எடை 58 கிலோ. ஞாயிறானால் ரந்தாவ் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிப் போர்ட்டிக்சன் கடலுக்குப் போகிறோம். கார்க் கூரையில் அவனுடைய டெக்னோ 293; பாய் கட்டிக் காற்றில் ஓட்டும் விண்ட்சர்ஃபிங் பலகை. கன அளவு 205 லிட்டர்; லிட்டர் கூடினால் மிதப்பும் கூடும். காற்று ஏறினால் அது கப்பல் மாதிரி கனக்கிறதாம். “வேகமான போர்டு வேணும்பா” என்று ஒரே நச்சரிப்பு.

110 லிட்டரில் ஃப்ரீரைடு எனும் வேகப் பலகை ஒன்றைப் பார்த்தோம். எனக்கே ஆசைதான். ஆனால் நம் மலாக்கா நீரிணைக் காற்று தெரியாதா, பாதி நாள் தூங்கும்! பக்கவாட்டில் அடித்துப் போகாமல் தடுக்க நடுவில் இறக்கும் தகடான டேகர்போர்டு இல்லாத சின்னப் பலகையில், மெல்லிய காற்றை எதிர்த்து ஏறுவது பெரும்பாடு. அப்புறம் நீந்தித்தான் கரை சேர வேண்டும்.

சரி என்று 140 லிட்டரில், அகலமானதாக, பழையது ஒன்றை வாங்கிவிட்டேன். அடியில் இருக்கும் துடுப்பான ஃபின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு; நேற்றிரவு எபாக்சி பசை பூசினேன். அவன் இன்னும் உம்மென்றுதான் இருக்கிறான். பலகைக்கான புதுப் பாய் என்ன விலை என்று அவன் அம்மா இதுவரை கேட்கவில்லை.