வராது, இன்னும் வரல

எங்கள் பக்கம் சிலதைச் சட்டென்று சொல்லிவிடுவோம். "அவனுக்குப் படிப்பு வராது." "எனக்குப் பாட்டு வராது." படிப்பும் பாட்டும் வீடு தேடி வருகிற விருந்தாளி மாதிரியும், நம் வீட்டுக்கு வழி தெரியாமல் திரும்பிப் போய்விட்ட மாதிரியும். எனக்குக் கணக்கு வராது என்று பத்தாம் வகுப்பில் டீச்சர் சொன்னார். நானும் நம்பினேன். 1998 பொதுத்தேர்வில் 27 மார்க். பாஸாக 35 வேண்டும். தையல் பழகப் போனேன். இன்றுவரை ஜாக்கெட் தைத்துத்தான் பிழைப்பு. அந்தத் தொழில்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

போன ஜூலையில் ஒன்பதாவது படிக்கும் என் மகள் நோட்டை மூடி வைத்துவிட்டு, "எனக்கும் ஒன்ன மாதிரிதாம்மா, கணக்கு வராது" என்றாள். அவளுக்கு என் மூக்கு, என் சுருட்டை முடி. இதையுமா கொடுத்தேன்? அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் கடையை மூடியதும் அவள் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் 7 எக்ஸ் ப்ளஸ் 12, காரணிப்படுத்துக. கூட்டினால் 7, பெருக்கினால் 12 வரும் இரண்டு எண்: 3, 4. அதுவரை சரி. ஏன் அப்படி என்று மட்டும் பிடிபடவில்லை. பதினோரு ராத்திரி அதே மாதிரிக் கணக்குகளைத் திரும்பத் திரும்ப எழுதினேன், விடிந்தால் மறந்துபோனது.

பன்னிரண்டாம் நாள் கட்டிங்குக்கு வைத்திருந்த பழைய பேப்பரை எடுத்தேன். ஒரு சாண் சதுரமாக ஒன்று வெட்டினேன். அந்தச் சாண்தான் எக்ஸ். அதே நீளத்தில் ஓர் அங்குல அகலப் பட்டை ஏழு. ஓர் அங்குலச் சதுரத் துண்டு பன்னிரண்டு. பெரிய சதுரத்துக்கு வலப்பக்கம் மூன்று பட்டை, கீழே நான்கு பட்டை ஒட்டி வைத்தேன். மூலையில் ஒரு காலியிடம். நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று. பன்னிரண்டு துண்டும் இடைவெளியில்லாமல் உட்கார்ந்தன. முழுச் செவ்வகம். ஒரு பக்கம் எக்ஸ் ப்ளஸ் 3, மறுபக்கம் எக்ஸ் ப்ளஸ் 4.

மணி பதினொன்று. தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பிவிட்டேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தவள், "அஞ்சும் ரெண்டுமா வச்சா?" என்று தானே பட்டைகளை மாற்றினாள். மூலையில் பத்துதான் பிடித்தது, இரண்டு துண்டு மிச்சம். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முயற்சி செய் என்று மட்டும் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பதினோரு ராத்திரியும் முயற்சிதானே? வழியை மாற்றியபோதுதான் நகர்ந்தது. மார்பளவு 34 என்றால் நாலில் ஒரு பங்கு எட்டரை என்று வாய் தானாகச் சொல்லும். அந்தக் கைக்குக் கணக்கு வராது என்று இருபது வருஷத்துக்கு மேல் நம்பியிருக்கிறேன்.

நான் ஃபெயிலான அதே 1998-ல் அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்து, சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நல்லா உழைச்ச" என்றும் பாராட்டினார்கள். அடுத்து கஷ்டமான புதிர்களில் எல்லோரும் தடுமாறினார்கள். அதற்குப் பிறகு மறுபடி சுலபமானவற்றைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் முதலில் வாங்கியதைவிடக் குறைவாக வாங்கினார்கள். உழைப்புக்காகப் பாராட்டு கேட்ட பிள்ளைகள் கூடுதலாக வாங்கினார்கள். இதைப் படித்ததிலிருந்து "என் புத்திசாலித் தங்கம்" என்று கொஞ்சுவதை விட்டுவிட்டேன். "எப்படிப் போட்ட, காட்டு" என்றுதான் கேட்கிறேன். "வராது" என்று யார் சொன்னாலும், "இன்னும் வரலன்னு சொல்லு" என்று திருத்துகிறோம், வீட்டுக்கு வருகிற என் அக்காவைக்கூட.

ஒன்பதரைக்கு சீரியலா நோட்டா என்று தினமும் ஒரு நிமிஷம் யோசிக்கத்தான் செய்கிறேன். வாரத்தில் நாலு நாள் நோட்டை எடுக்கிறேன். தீபாவளி ஜாக்கெட் இன்னும் பதினாலு பாக்கி. அது முடிந்ததும் முக்கோணவியல். பழைய பேப்பர் ஒரு கட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.