ருசி பார்க்காமல் கற்றுக்கொண்ட சட்டி

நாங்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வந்து இறங்கியது 2017 நவம்பர் கடைசியில். பிற்பகல் தொழுகையான அஸர் தொழுதுவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்து நிமிர்வதற்குள், பொழுது சாய்ந்ததும் தொழுகிற மஃரிபு வந்துவிடும். நாலு மணிக்கே கும்மிருட்டு. எங்கள் ஊர் கீழக்கரையில் பிள்ளைகள் கடற்கரைக்குக் கிளம்புவதே அந்த நேரத்தில்தான். மகனுக்கு அப்போது இரண்டு வயது. ஜன்னல் கண்ணாடியைத் தட்டித் தட்டி ‘வெளிய, வெளிய’ என்று அழுவான். அவனைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி அடுப்பைப் பற்ற வைப்பது.

முதல் வெள்ளிக்கிழமை கோலா உருண்டை போட்டேன். கொத்துக்கறி, பொட்டுக்கடலை மாவு, தேங்காய், சோம்பு, உம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்த முண்டு மிளகாய். இரண்டாவது ஈடு எண்ணெயில் போட்டதும் கூரையில் இருந்த புகை அலாரம் வீடே அதிர அலற ஆரம்பித்தது. அதை நிறுத்தத் தெரியவில்லை. பிள்ளை என் காலைக் கட்டிக்கொண்டு வீறிடுகிறான். கதவைத் தட்டியவர் சுவரை ஒட்டின வீட்டுக்காரர், எழுபது வயதைத் தாண்டிய அம்மா. கையோடு கொண்டுவந்த துண்டை அலாரத்துக்குக் கீழே விசிறினார், கொல்லைக் கதவைத் திறந்து விட்டார், ‘ஒண்ணுமில்ல லவ், ஒண்ணுமில்ல’ என்றார். அந்த ஊரில் கடைக்காரர், பஸ் டிரைவர் எல்லோருமே யாரைப் பார்த்தாலும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார்கள், நம் ஊரில் ‘வாம்மா, என்னம்மா’ என்பது போல. அது தெரியாத அந்த நாளில், முன்பின் பழகாத ஒருவர் என்னை அப்படி அழைத்தது நெஞ்சை அடைத்துவிட்டது. உருண்டை இரண்டு சாப்பிட்டார். மூன்றாவதை டிஷ்யூவில் மடித்து எடுத்துக்கொண்டார்.

அவர்தான் எனக்கு அந்தச் சட்டியைக் காட்டியவர்.

நம் ஊரில் கேசரோல் என்றால் சப்பாத்தி சூடு ஆறாமல் மூடி வைக்கிற டப்பா. அங்கே மூடி போட்டு ஓவனுக்குள் வைக்கும் கனத்த பாத்திரத்துக்கும் அதுதான் பெயர், அதற்குள் நிதானமாக வேகிற பண்டத்துக்கும் அதுதான் பெயர். குளிர்கால ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்த அம்மா தன் அடுப்படியில் என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். சாசேஜும் (கொத்துக்கறியைக் குடல் உறைக்குள் அடைத்தது) கறி உருண்டையும் சேர்த்த கேசரோல். ‘இதில் பன்றி இறைச்சி இருக்கிறது, உனக்குத் தர மாட்டேன். ஆனால் பார்த்துக்கொள்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கு நான் இன்னமும் நன்றியோடு இருக்கிறேன். ஒரு வாய் கூட ருசி பார்க்காமல், கண்ணாலும் மூக்காலும் காதாலும் மட்டுமே கற்றுக்கொண்ட சமையல் எனக்கு அது ஒன்றுதான்.

இரும்புச் சட்டியில் முதலில் சாசேஜைப் புரட்டிப் புரட்டிச் சிவக்க விட்டு எடுத்தார். அதே கொழுப்பில் உருண்டைகள். அவற்றையும் எடுத்துவிட்டு வெங்காயம், பூண்டு. அடியில் பழுப்பாகப் பிடித்திருந்ததை மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டி வெங்காயத்தோடு சேர்த்தார். ருசியெல்லாம் அந்த அடிப்பிடிப்பில்தான் என்றார். பிறகு 400 கிராம் தக்காளி டின் இரண்டு, வெள்ளை பீன்ஸ் டின் ஒன்று, தைம் என்கிற வாசனைத் தழை ஒரு கொத்து, ஒரு பே இலை. எல்லாவற்றையும் திரும்பச் சட்டிக்குள் இறக்கி, மூடி, 160 டிகிரி ஓவனில் ஒன்றேகால் மணி நேரம். நடுவில் ஒரு தடவை கூடத் திறக்கவில்லை. வெளியே மழை. அந்த வீடு முழுக்க நிறைந்த வாசனையை நான் கோட்டில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என் முதல் முயற்சி கண்ணீரில் முடிந்தது. சூப்பர்மார்க்கெட் ஒன்றில் சிக்கன் சாசேஜ் வாங்கினேன். முன்பக்கம் கோழிப் படம், சிக்கன் என்று பெரிய எழுத்து. ஹலால்தானா என்று பார்க்கத் தோன்றவில்லை, கோழி என்றதும் நம்பிவிட்டேன். சட்டி கொதித்து மணக்கும்போதுதான் குப்பையில் போட்ட அட்டையைக் கணவர் எடுத்துப் படித்தார். உள்ளே கோழி, மேல் உறை பன்றிக் குடல். பொடி எழுத்தில் பின்பக்கம் போட்டிருந்தது. சட்டியோடு எல்லாவற்றையும் கொட்டினேன். ‘தெரியாம நடந்தது, விடு’ என்று அவர் எவ்வளவோ சொன்னார். எனக்கு ஆறவில்லை. வாங்குவதற்கு முன்பு அட்டையின் பின்பக்கத்தைக் கடைசி வரி வரை படி என்று அந்த ஊருக்குப் புதிதாக வருகிற எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லி வருகிறேன்.

ஹலால் கறிக்கடை தேடிப் போனபோது அல்ஜீரியாக்காரர் ஒருவரின் கடை கிடைத்தது. ஸலாம் சொல்வதற்கு மேல் எங்களுக்குள் பொது மொழி அதிகம் இல்லை. ‘மெர்கேஸ்’ என்று சொல்லி, சுண்டுவிரல் தடிமனுக்குச் சிவப்பாகத் தொங்கிய சாசேஜைக் காட்டினார். ஆட்டுக்கறி, ஆட்டுக்குடல் உறை, உள்ளே மிளகாய் விழுதும் சீரகமும். உறை எதில் செய்தது என்பதை ஆட்டின் படத்தைத் தொட்டுக் காட்டி விளக்கினார். சட்டியில் போட்டதும் செம்மஞ்சள் கொழுப்பு ஊறி வந்தது. சீரக வாசனை வந்ததும் மகன் ‘உம்மம்மா வீடு’ என்றான்.

உருண்டைதான் அடுத்த தொல்லை. என் கோலா உருண்டையையே சட்டியில் இறக்கினேன், ஒரு மணி நேரத்தில் பாதி கரைந்து குழம்பாகிவிட்டது. கோலா என்பது சூடான எண்ணெயில் சடசடவென்று பொரிந்து, ஆறுவதற்குள் தின்னப்படுவதற்கான பண்டம். பொட்டுக்கடலை மாவு தண்ணீரைக் கண்டால் ஊதி விண்டு போகும், தேங்காயிலிருந்து எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். அந்த அம்மாவின் பக்குவம் வேறு. ரொட்டித் துண்டைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்து கறியில் சேர்ப்பார். ரொட்டியின் மாவுச்சத்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கறி இறுகிப் போகாது. நான் அதோடு ஒன்று சேர்த்துக்கொண்டேன்: கறியில் முதலில் உப்பை மட்டும் போட்டு, கையில் பசை போல ஒட்டும் வரை பிசைவது. உப்பு கறியின் புரதத்தை இளக்கிப் பிடிமானம் கொடுக்கும். அரைக் கிலோ கறிக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு ஸ்லைஸ் ரொட்டி, அரை டீஸ்பூன் சோம்புத் தூள். சோம்பை விட எனக்கு மனசில்லை.

மற்றபடி மசாலா வேண்டாம் என்பதுதான் என் தீர்மானம். ஆரம்பத்தில் கரம் மசாலா, மல்லித்தூள், தேங்காய்ப்பால் எல்லாம் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது இன்னொரு சால்னா. சால்னா எனக்கு ஏற்கெனவே தெரியும். பே இலைக்குப் பதில் நம் பிரிஞ்சி இலையைப் போடுவதும் சரிப்படாது. அவர்களுடையதில் நடுவே ஒரே நரம்பு. நம்முடையதில் நீளவாக்கில் மூன்று நரம்பு, பட்டை வாசனை. மரமே வேறு. முண்டு மிளகாயை மட்டும் விடவில்லை. மூன்று மிளகாயை முழுசாகக் கொழுப்பில் போட்டு, கறுக்குமுன் எடுத்துவிடுவேன். காரத்தை விட அதன் மணமும் நிறமும்தான் அந்தத் தக்காளிக்குத் தேவை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்த அன்று, டப்பாவைத் திறந்து அந்த அம்மாவிடம் காட்டினேன். செர்ரிப் பழம் போல இருக்கிறதே என்றார்.

பதிலுக்கு அவர் எனக்குக் கொடுத்தது ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ். ஆரஞ்சு லேபிள் ஒட்டிய, கறுப்பு நிறச் சாறு. 1885 முதல் ஷெஃபீல்டிலேயே செய்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் எதன் மேலும் அதை இரண்டு சொட்டு விடுவார்கள். பழக்கப்படி லேபிளின் பின்பக்கம் படித்தேன். மீன் இல்லை, இறைச்சி இல்லை. கிராம்பு, மிளகாய், பூண்டு எண்ணெய், புளி. புளி! நூறு வருஷத்துக்கும் மேலாக அவர்கள் கேசரோலில் புளி ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். அன்று அடுப்படியில் நின்றபடியே உம்மாவுக்குப் போன் போட்டு அந்த லேபிளைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

அதற்குள் நம் கரைப் பெண்கள் நாலு பேர் பழக்கமாகியிருந்தோம். ஆளுக்கொரு சட்டி. தொண்டிக்காரர் என்னைப் போலவே மெர்கேஸ். ராமேஸ்வரத்திலிருந்து வந்தவர் சைவம். சோயா உருண்டையும் சைவ சாசேஜும் போட்டு, நல்லெண்ணெயில் கத்தரிக்காயைச் சிவக்க வதக்கிச் சேர்ப்பார். அந்தக் கத்தரிக்காய் யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. மூக்கையூர்த் தங்கச்சி கிறிஸ்தவர், மீன்பிடிக் குடும்பம். அவளுக்கு எந்தத் தடையும் இல்லை, அசல் பன்றி சாசேஜையே போடுவாள். அந்த ஊர் சாசேஜில் ரஸ்க் தூள் கலப்பார்கள் என்பதும், ‘போர்க் சாசேஜ்’ என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 42 சதவீதம் பன்றி இறைச்சி இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம் என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். ரஸ்க் கொழுப்பை உறிஞ்சிக்கொள்வதால் அவள் சட்டிச் சாறு கெட்டியாக நிற்கும், மெர்கேஸில் அது மிதக்கும். நான் ஒரு கரண்டி பீன்ஸை மசித்துவிட்டு அதைச் சரி செய்தேன்.

இரண்டு சட்டியையும் சாப்பிடக்கூடியவள் அவள் ஒருத்திதான். ஒரு நாள் கேட்டே விட்டேன், என்னுடையது அதைப் போல இருக்கிறதா என்று. அவள் அவசரப்படவில்லை. இன்னொரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்: ‘வாசம் வேறக்கா. ஆனா வெந்த விதம் அதேதான்.’ நான் பார்த்துக் கற்றுக்கொண்டது வெந்த விதத்தைத்தான். மனசு நிறைந்துவிட்டது.

2024 ஜனவரியில் ஊருக்குப் போனோம். வீட்டில் கேஸ் அடுப்பு உண்டு, ஓவன் கிடையாது. ஆட்டு சாசேஜும் கிடைக்கவில்லை. ‘உறையில்லாட்டி என்ன, ஓலை இல்லையா’ என்றார்கள் உம்மா. பக்கத்துத் தெருவில் கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை அவிப்பதைப் பார்த்த பழக்கம். இளம் பனையோலையை வெட்டிக் கழுவி, விரல் நீளக் கறியை நடு மடிப்பில் அடக்கி, ஓலை நாராலேயே கட்டி, இட்லிச் சட்டியில் கால் மணி நேரம் அவித்தோம். பிரித்தபோது கறி இறுகி நின்றது. ஓலையின் மடிப்பு அதன் மேல் வரி வரியாகப் பதிந்திருந்தது, பச்சை ஓலை வாசனையோடு. அதைச் சட்டியில் சிவக்க விட்டோம். டின் பீன்ஸுக்குப் பதில் பொங்கல் நேரத்து மொச்சை, டின் தக்காளிக்குப் பதில் நாட்டுத் தக்காளி. நாட்டுத் தக்காளிப் புளிப்புக்கு இரண்டு துண்டு கருப்பட்டி.

ஓவனுக்கு என்ன செய்வது என்று நான் யோசிக்கும்போதே உம்மா கொல்லையில் தணல் மூட்டிவிட்டார்கள். ராமநாதபுரம் சீமையில் சீமைக்கருவைக் கரிக்கு எங்கே பஞ்சம்? ஊருக்கு ஊர் கரி மூட்டம் போட்டு விறகைக் கரியாக்குகிறார்கள். கனத்த சட்டியை மூடி, கீழே கொஞ்சம் தணல், மூடிக்கு மேலே நிறையத் தணல், பிரியாணி தம் போடுவது போலவே. 160 டிகிரி என்றேன். அவர்கள் மூடிக்கு மேலே உள்ளங்கையை நீட்டி, வாய்க்குள் ஏதோ எண்ணி, இரண்டு கரியைக் கிடுக்கியால் எடுத்துக் கீழே தள்ளினார்கள். ‘இப்ப சரியா இருக்கும்.’ ஒன்றேகால் மணி நேரம் கழித்துச் சாம்பலைத் துடைத்து மூடியைத் திறந்தேன். ஓரமெல்லாம் சாறு சுண்டிக் கறுப்பாகப் பிடித்திருந்தது, நடுவில் மெல்லக் கொப்புளம் விட்டது. ஓர் உருண்டையைப் பிட்டுப் பார்த்தேன். கொத்தின கறி என்பதால் உள்வரை வெந்திருக்க வேண்டும். நடுவில் 70 டிகிரி, இரண்டு நிமிடம் என்பது அங்கே கற்றுக்கொண்ட கணக்கு. கம்பி வெப்பமானியைக் கொண்டுபோயிருந்தேன், 84 காட்டியது.

சஹன் என்கிற பெரிய தட்டில் இடியாப்பம் பரப்பி மேலே ஊற்றி, வாப்பா, மாமி, கணவர், மகன் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. வழித்துச் சாப்பிட்டுவிட்டு, சட்டியின் ஓரத்தில் பிடித்திருந்ததைச் சுரண்டித் தரச் சொன்னார்கள். நான் கொண்டுபோயிருந்த ஹெண்டர்சன்ஸை மாமி முதலில் சந்தேகத்தோடு முகர்ந்தார்கள். பிறகு எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்கள்.

போன மாசம் உம்மா போன் செய்தார்கள். வெள்ளிக்கிழமை மறுபடியும் போட்டார்களாம். மொச்சை முடிந்துவிட்டதால் கொண்டைக்கடலை. ஓலை கட்ட மாமி. ‘எல்லாம் சரியாத்தான் வந்துச்சு. அந்த ஆரஞ்சு ஒட்டின பாட்டில்தான் காலி. வர்றப்ப ரெண்டு எடுத்துட்டு வாம்மா. மாமிக்குத் தனியா ஒண்ணு.’