படத்தில் ஒன்றுமில்லை என்று சொன்ன நாள்

கண்டியில் ஒரு வைத்தியசாலையில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் வேலை எனக்கு. நானும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கமிருந்து வரும் நம் ஆட்களை என்னிடம்தான் அனுப்பிவைப்பார்கள். அப்படித்தான் அந்த அம்மாவும் மகனும் வந்தார்கள்.

பையனுக்கு இருபத்திரண்டு வயது. கொழும்பில் ஒரு கடையில் வேலை. இரவில் சரக்கு இறக்க விழித்திருக்க வேண்டுமென்று யாரோ ஐஸ் என்ற போதைப்பொருளைப் பழக்கிவிட்டிருக்கிறார்கள். ஒன்றரை வருடத்தில் வேலையும் போய், தோட்டத்து லய வீட்டுக்கே திரும்பிவிட்டான். ஒருநாள் வலிப்பு வந்ததால் டொக்டர் ஸ்கேன் எழுதியிருந்தார். அம்மாவின் கவலையோ வேறு. "காமன் கூத்துல ரதி வேஷம் கட்டுற புள்ளைங்க ஐயா. பாட்டு முழுக்க மனப்பாடம். இப்ப கடைக்கு அனுப்புனா, என்ன வாங்க வந்தோம்னே தெரியாம நிக்கிறான்."

படங்களைப் பார்த்தேன். ரத்தக்கசிவு இல்லை, கட்டி இல்லை. முடிவு சொல்ல வேண்டியது டொக்டர். ஆனால் கொழுந்துக் கறை படிந்த விரல்களால் அந்த அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து மனது கேட்கவில்லை. "படத்தில ஒன்னும் இல்லம்மா, பயப்படாதீங்க" என்றேன். "மாரியாத்தா காப்பாத்திட்டா" என்று கும்பிட்டார்.

நாலு மாதம் கழித்து அவர் மட்டும் வந்தார். மகன் மறுபடி கொழும்புக்குப் போய்விட்டான். "ஸ்கேன்லயே ஒன்னுமில்ல, அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனானாம்.

அது என் வார்த்தை. அதன்பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித்தேடிப் படித்தேன்.

புதிய விஷயங்களை நினைவில் பதிக்கும் பகுதி மூளைக்குள் இரண்டு பக்கமும் சுருண்டு கிடக்கிறது. கடற்குதிரை மாதிரி இருப்பதால் ஹிப்போகேம்பஸ் என்று கிரேக்கப் பெயர். ஐஸ் என்பது மெத்தம்ஃபெட்டமின். அதைப் பாவித்த 22 பேரின் மூளையையும் பாவிக்காத 21 பேரின் மூளையையும் 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் எம்.ஆர்.ஐ. மூலம் அளந்திருக்கிறார்கள். பாவித்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சராசரியாக 7.8 சதவீதம் சிறியதாக இருந்தது. சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையில் அவர்கள் தடுமாறியதும் இந்தக் குறைவோடு ஒத்துப்போனது.

ஆனால் அது பலரின் கணக்கைக் கூட்டி எடுத்த சராசரி. மூளையின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஒரு பையனின் படத்தை வைத்துக்கொண்டு எட்டுச் சதவீதக் குறைவைக் கண்ணால் யாரும் பிடிக்க முடியாது. நான் பார்த்த படம் சொன்னது, வலிப்புக்குக் காரணமாகப் பெரிதாக எதுவும் தெரியவில்லை என்பதை மட்டுமே. அவனுடைய ஞாபகத்தைப் பற்றி அது நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

"கஞ்சான்னா பரவாயில்லதானே?" என்று கேட்கிற பையன்களும் உண்டு. 2025இல் வந்த ஆய்வில் 1003 இளைஞர்கள். ஆயிரம் தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தவர்களில் 63 சதவீதத்தினருக்கு, ஒன்றை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் சோதனையின்போது மூளையின் இயக்கம் குறைந்திருந்தது. கஞ்சாதான் அதற்குக் காரணம் என்று அந்த ஒரு ஆய்வை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருடம் அவனே திரும்பி வந்துவிட்டான், நல்ல வேளை. அம்மா கேட்டது ஒரே கேள்வி: "நிறுத்திட்டா பழையபடி வருமாங்க ஐயா?"

இந்தமுறை அவசரப்படவில்லை. டொக்டரிடமும் கிளினிக்கிலும் தொடர்ந்து காட்டச் சொன்னேன். அப்புறம், போதைப் பழக்கத்தை ஆராயும் அமெரிக்க விஞ்ஞானி நோரா வோல்கோவின் குழு 2001இல் வெளியிட்டதை அவருக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னேன். ஐஸை விட்ட ஐந்து பேரை அவர்கள் மூளையின் இயக்கத்தைக் காட்டும் பெட் (PET) ஸ்கேனில் திரும்பவும் பார்த்தார்கள். ஊக்கத்தைத் தூண்டும் ரசாயனமான டோபமைனைக் கையாளும் புரதங்கள் மூளையில் குறைந்து போயிருந்தன. ஒரு வருடத்துக்கு மேல் தொடாமல் இருந்தபோது அவை அதிகரிக்கத் தொடங்கியிருந்தன. ஆனால் ஞாபகச் சோதனைகளில் அந்த அளவு முன்னேற்றம் வரவில்லை.

"அப்ப நாள் எடுக்கும்" என்றார். ஆமாம் என்றேன்.

இந்த மாசியில் நடந்த காமன் கூத்தில் அவன் வேஷம் கட்டவில்லை. தப்படிக்கிறவர்கள் பக்கத்தில் நின்று ரதியின் பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தானாம். நடுவில் இரண்டு இடத்தில் நின்றுபோய், பிறகு பிடித்துக்கொண்டான் என்று அம்மா போனில் சொன்னார்.