வீட்டில் தூங்கி, காட்டில் நடந்தோம்

சிங்கப்பூரில் நாலைந்து நாள் காட்டு நடைக்குத் திட்டமிடுபவர்கள் கூடாரத்தை மறந்துவிடலாம். இயற்கை வனப்பகுதிகளில் இரவு தங்க அனுமதியில்லை. மாலை 7 மணியிலிருந்து காலை 7 மணிவரை உள்ளே இருக்கவும் கூடாது. எங்களுக்கு அதுவே வசதியாகப் போனது. ஊரிலிருந்து வந்திருந்த அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. காலையில் நடந்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து கால் நீட்டிப் படுக்கலாம் என்றதும்தான் அவரும் வருகிறேன் என்றார்.

மார்ச் பள்ளி விடுமுறை வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். அந்த மாதத்தில் மத்தியானத்துக்குமேல் இடியும் மின்னலும் சாதாரணம். அதனால் விடிந்ததும் கிளம்பி, 11 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்பதே எங்கள் ஒரே சட்டம். வெயிலுக்கும் அதுதான் நல்லது.

வரைபடத்தைப் பார்த்தால் புக்கிட் தீமா காடும் மெக்ரிட்ச்சி காடும் ஒட்டினாற்போல் இருக்கும். ஆனால் 1980களில் போட்ட புக்கிட் தீமா விரைவுச்சாலை இரண்டையும் பிளந்துவிட்டது. சாலைக்கு மேலே 2013இல் 62 மீட்டர் நீளப் பாலம் ஒன்றைக் கட்டி, அதில் மரம் நட்டார்கள். ஆனால் அது எறும்புதின்னி, மரநாய் போன்றவை கடந்து போக; மனிதர்களுக்கு வழி கிடையாது. ஆகவே ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்கு நேராக நடக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் எம்ஆர்டி ரயிலிலோ பஸ்ஸிலோ போய் இறங்குவது என்று முடிவு செய்தோம்.

திங்கட்கிழமை புக்கிட் தீமா. காரணம் சாதாரணமானதுதான்: மெக்ரிட்ச்சி காட்டிலுள்ள ட்ரீடாப் வாக் தொங்குபாலம் திங்களன்று மூடியிருக்கும். பியூட்டி வோர்ல்ட் எம்ஆர்டியில் இறங்கிப் போனோம். உச்சி 163 மீட்டர்தான், ஆனால் அந்தத் தார்ச்சாலை ஆரம்பத்திலேயே செங்குத்து. அத்தை பத்தடிக்கு ஒருமுறை நின்று, மரத்தைப் பார்ப்பதுபோல மூச்சு வாங்கினார். அப்படி நின்றதில் நாங்களும் நன்றாகவே பார்த்தோம். வெட்டப்படாமல் தப்பிய பழங்காடு இங்கே இன்னும் மிஞ்சியிருக்கிறது. செராயா மரங்கள் கிளையே இல்லாமல் நெடுநெடுவென்று போய், உச்சியில்தான் விரிகின்றன.

சாப்பாட்டு விஷயத்தில்தான் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. அத்தை முந்தின நாளே புளிக்காய்ச்சல் போட்டு வைத்துவிட்டார்.

"ஏம்மா, மலைக்குப் போறோம், கட்டுச்சோறு இல்லாமலா?"

"பிளாஸ்டிக் பையைக் கண்டாலே குரங்கு வந்துரும் அத்தை. அதுக்குக் குடுத்தா அபராதம் வேற."

முதல்முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போடலாம் என்றதும் அடங்கினார். தண்ணீரை மட்டும் முதுகுப்பைக்குள் வைத்துக்கொண்டோம். புளியோதரையை வீடு திரும்பிச் சாப்பிட்டோம். அப்புறம், கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களோடு போகும்போது தூரத்தைவிட அதுதான் முக்கியம்.

ஒரு நாள் ஓய்வு விட்டுத் தொங்குபாலம் போனோம். மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கத்திலிருந்து போய்த் திரும்பினால் 10 கிலோமீட்டரைத் தாண்டும். விண்ட்சர் இயற்கைப் பூங்கா வழியாகப் போனால் தூரம் குறைவு. வார நாளில் பாலம் 9 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் அவசரமில்லை. 250 மீட்டர் நீளம், அதிக உயரம் 25 மீட்டர், ஒருவழிப் பாதை. பாதியில் பயந்தாலும் திரும்ப முடியாது என்பதை ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும். அத்தை இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றபடியே கடந்தார். பாலத்தில் சிரமம் இல்லை. அதற்குப் பிறகு வரும் மரப்படிகள்தான் முழங்காலைப் பதம் பார்க்கும்.

கடைசிக்குத் தாம்சன் இயற்கைப் பூங்காவை வைத்தது நல்ல யோசனை. மேடு குறைவு. 2019இல் திறந்த இந்த இடத்தில் முன்பு ஹைனானிய கிராமம் இருந்தது. படிக்கட்டும் சுவரும் மட்டும் நிற்கின்றன, வேர் அவற்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அரிய கருங்குரங்கு இனம் ஒன்று இங்கே உண்டு. எங்கள் கண்ணில் படவில்லை. ஆனால் என் கணவர் தரையில் ஒரு ரப்பர் விதையைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் தாத்தா மலேசியாவின் ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பழுப்புப் புள்ளி போட்ட அந்த விதையைச் சிமெண்ட் படியில் பரபரவென்று தேய்த்து மகன் கையில் வைத்தார். "சுடுதுப்பா!" என்று துள்ளினான். வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றான். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துவர அனுமதியில்லை என்பதால் அங்கேயே போடச் சொன்னோம். அதற்குப் பதிலாகக் கோப்பிக்கடையில் ஒரு மைலோ கேட்டு வாங்கிக்கொண்டான்.