சனிக்கிழமை கசாய வகுப்பு

நவம்பர் 2, 2024
தீபாவளி முடிந்த கையோடு ஈரோட்டில் எங்கள் தெருப் பெரியவர்களுக்கு மூலிகை வகுப்பு. பலகாரத்தில் எல்லார் வயிறும் கனத்துக் கிடந்ததால் பேச்சு தானாகவே லேகியத்துக்குப் போய்விட்டது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் என்று நான் சொல்லிக்கொண்டே போக, முன்வரிசை ஆத்தா "சித்தரத்தைய உட்டுட்டியே கண்ணு" என்றார். இவர்களுக்கு மூலிகையைக் காட்டித்தர நான் யார்? மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் ஆள் நான், காலையில் விழுங்குகிற மாத்திரையோடு இது ஒத்துப்போகுமா என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும். லேகியத்தில் வெல்லம் எவ்வளவு என்று கேட்டதும், சர்க்கரை உள்ள ஒருவர் டப்பாவை மெல்லப் பைக்குள் தள்ளினார்.

நவம்பர் 9
ஊரெல்லாம் இருமல். ஓர் ஐயாவுக்கு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லையாம், காலும் வீங்குகிறதாம். பேசும்போது கன்னத்துக்குள் ஏதோ உருண்டது. அதிமதுரக் குச்சி! "தொண்டைக்கு இதமா இருக்குதுங்க", நாள் முழுக்க மெல்கிறார். அதில் இருக்கும் கிளைசிரைசின் உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்கிவைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும், அதனால் பிரஷர் ஏறும், நீர் பிரிய மாத்திரை போடுபவர் என்றால் பொட்டாசியம் இன்னும் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். குச்சியை நிறுத்திவிட்டு நாளைக்கே டாக்டரைப் பாருங்கள், குச்சி மென்றதையும் சொல்லுங்கள் என்றேன். "சொன்னா திட்டுவாருங்களே." எல்லாரும் தலையாட்டினார்கள். இந்தப் பயம்தான் எனக்கு மூலிகையைவிடப் பெரிய தலைவலி.

ஆடாதோடைக்கு மட்டும் நல்ல வரவேற்பு. இருமல் மருந்தில் வரும் பிரோம்ஹெக்சின், இந்த இலையில் உள்ள வாசிசினை வைத்து உருவாக்கியது என்றதும் ஆத்தாவுக்கு ஒரே பெருமை. "அப்ப எங்க வேலில நிக்கறதுதான் பாட்டில்ல வருதா?"

நவம்பர் 16
நிலவேம்புக் குடிநீர். பேரில் ஒன்றுதான், உள்ளே வெட்டிவேர், கோரைக்கிழங்கு, பற்படாகம், பேய்ப்புடல் எல்லாம் சேர்த்து ஒன்பது சரக்கு. 5 கிராம் பொடியை 240 மி.லி. தண்ணீரில் போட்டு 60 ஆகும்வரை சுண்டக் காய்ச்சி, ஆறியதும் குடித்துவிட வேண்டும். காலையில் வைத்ததை பிளாஸ்க்கில் ஊற்றி ராத்திரிவரை குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், சரி, இனியாவது விடுவார்களா பார்க்கலாம்.

அப்புறம் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். ஒரு பக்கம் மாத்திரை, மறுபக்கம் வீட்டு வைத்தியம், டாக்டரிடம் போகும்போது அப்படியே நீட்டிவிடலாம், வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அதிமதுர ஐயா முதலில் எழுதிக் கொடுத்தார். வீட்டு வைத்தியம்: ஒன்றுமில்லை. "தினம் ஊறவைத்த வெந்தயம் சாப்பிடுவீங்களே?"
"அது சாப்பாடுங்க."
அவர் போடும் சர்க்கரை மாத்திரையும் வெந்தயமும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கி வேர்த்துக் கொட்டலாம் என்று விளக்கி, தாளைத் திருப்பிக் கொடுத்தேன். முனகிக்கொண்டே எழுதுகிறார்.